நின்று நின்று போகும் வண்டி... கோளாறு எங்கே?

பட்டறைப் பக்கம்

விடியற்காலை நாலு மணி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் கிளம்புகிறது. பின்னால் ஈரச் சாக்கு போர்த்திய வாழை இலைக்கட்டுகள். போக வேண்டிய இடம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நெல்லை டவுன் சந்தை. அஞ்சு மணிக்குள் போய் இறக்கினால் ஒரு விலை. ஏழு மணிக்குப் போனால் ஓட்டல்காரர்களும் பந்திக்காரர்களும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இலையும் வாடியிருக்கும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த வண்டிதான் மூன்று வாரமாக நடுவழியில் நின்றது. வீட்டில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும். பாரத்தோடு நன்றாக இழுக்கும். கொஞ்ச தூரம் போனதும் திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடும். மறுபடியும் நிற்கும்.

ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். சரியாகவில்லை. இன்னொரு பட்டறையில், "போர் போயிருச்சு. எஞ்சினை இறக்கி வேலை பார்க்கணும். அஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். இலை வியாபாரிக்கு அந்த வாரம் கையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. மனைவியின் கம்மலை அடகு வைப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அடகுக்கடைக்குப் போகும் வழியில் வண்டி மறுபடியும் நின்றது. நின்ற இடம் மேலப்பாளையம். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில் இருந்தவர், நாற்பது வருடமாக டி.வி.எஸ். வண்டிகளோடு பழகிய பெரியவர். ஸ்பேனரைத் தொடாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எப்பம் நிக்கி?"

"போற வழியில நிக்கி அண்ணாச்சி."

"டக்குன்னு நிக்கா, மூச்சு வாங்கி வாங்கி நிக்கா?"

"அதைக் கவனிக்கலையே."

"டேங்குல எவ்வளவு பெட்ரோல் கெடக்கும்போது நிக்கி?"

"அது... ஞாபகம் இல்ல அண்ணாச்சி. போர் வேலை பாக்கணும்ங்காவ. அதான் ரூவாய்க்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

பெரியவர் சிரித்தார். "போர் தேஞ்ச எஞ்சின் காலையில ஸ்டார்ட் ஆகவே சண்டித்தனம் பண்ணும் தம்பி. பாரத்தோட இழுக்காது. ஒம்ம வண்டி மொத ஓதையில கெளம்புது, நல்லா இழுக்குதுன்னு நீரே சொல்லுதீரு. ரெண்டு நாள் பொறுத்துக்கோரும். எங்கன நிக்கி, எப்படி நிக்கி, டேங்குல எவ்வளவு இருக்கு, எத்தனை நிமிசத்துல திரும்ப ஸ்டார்ட் ஆகுது... இதை மட்டும் குறிச்சிட்டு வாரும். அதுக்குப் பொறவு எஞ்சினைத் தொறப்போம்."

மெக்கானிக் கேட்ட இந்த நாலு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பல வண்டிகளின் எஞ்சின் தேவையில்லாமல் இறக்கப்படுகிறது.

திருக்குறுங்குடிக்காரர் பெயர் தாங்கிய வண்டி

சைக்கிளில் மோட்டாரைப் பொருத்தி ஓட்டும் யோசனை உலகம் முழுக்க நூறு வருடத்துக்கு மேல் பழசு. 'மோட்டார்', 'பெடல்' என்ற இரண்டு சொற்களின் முன்பாதிகளைச் சேர்த்து 'மொபெட்' என்று பெயர் வைத்தவர்கள் சுவீடன்காரர்கள். இந்தியாவில் 1972இல் வந்த கைனெடிக் லூனா இந்த வகையைப் பரவலாக்கியது. 1980இல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது.

அந்த மூன்றெழுத்துக்கு உரிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது 1877இல், நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில். 1911இல் மதுரையில் தொழில் தொடங்கியவர். அவர் பெயர் தாங்கிய மொபெட்டில்தான் இன்று தாமிரபரணிக் கரையின் பால் கேன், வாழைத்தார், புல்லுக்கட்டு, பனங்கிழங்கு எல்லாம் பயணம் போகின்றன. பழைய எக்ஸ்.எல். சூப்பர் வண்டிகள் டூ ஸ்ட்ரோக். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது அதிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால், கிராமத்துப் பாதைகளில் இன்னும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன.

அந்த எஞ்சினுக்கு வேண்டியவை சில விஷயங்கள்தான். சரியான அளவில் பெட்ரோல், சரியான அளவில் காற்று, சரியான நேரத்தில் பிளக்கில் நெருப்புப்பொறி, உள்ளே நல்ல அழுத்தம், எரிந்த புகை வெளியே போக வழி. இதில் எது குறைந்தாலும் வண்டி நிற்கும், அல்லது திணறும். ஆனால், ஒவ்வொன்று குறையும்போதும் வண்டி ஒவ்வொரு விதமாக நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எட்டாம் வகுப்பு மகளின் குறிப்பு

இலை வியாபாரியின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா வந்து சொல்லச் சொல்ல, இரண்டு நாளும் செல்போனில் குறித்துவைத்தாள்.

'செவ்வாய். டேங்க் ஃபுல். பத்தமடை தாண்டியதும் நின்றது. திணறித் திணறி நின்றது. பத்து நிமிடத்தில் ஸ்டார்ட்.'

'புதன். டேங்க் பாதி. முன்னீர்பள்ளம் வரை ஓடியது. பிறகு அதே மாதிரி திணறி நின்றது. பத்து நிமிடத்தில் ஸ்டார்ட்.'

மேலப்பாளையம் பெரியவர் அதை இரண்டு முறை படித்தார். "டேங்க் நெறஞ்சா சீக்கிரம் நிக்கி. கொறஞ்சா தூரம் போவுது. இந்தப் பிள்ளை பாதி வேலையை முடிச்சிட்டா" என்றவர், கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"இது ஆரம்பிச்சது மூணு வாரம் முன்னாலங்கீரு. அந்தச் சமயத்துல வண்டியில புதுசா என்ன செஞ்சீரு?"

"ஒண்ணும் செய்யலியே அண்ணாச்சி. மழை பேஞ்சிக்கிட்டு இருந்திச்சி. டேங்குக்குள்ள தண்ணி போயிரக் கூடாதேன்னு மூடிக்கு அடியில ஒரு பாலித்தீன் கவரை வச்சி மூடினேன். அவ்வளவுதான்."

பெரியவர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உள்ளே 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்தக் கவர்.

காற்று போனால்தான் பெட்ரோல் வரும்

பழைய மொபெட்டில் பெட்ரோலை இழுத்துக் கொடுக்க பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. தானாகவே இறங்கும். இறங்கிய பெட்ரோலின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் மூடியில் ஒரு சின்ன வழி இருக்கிறது. அது அடைபட்டால், டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது தீர்ந்ததும் வண்டி திணறி நிற்கும். பத்து நிமிடத்தில் எங்காவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும். கிண்ணம் நிறையும். வண்டி ஓடும். பிளக்கைத் துடைத்ததால்தான் ஓடியது என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார்.

டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் சட்டென்று குறையும். அதனால் சீக்கிரம் நிற்கும். பாதி டேங்கில் காற்று அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடும். மகள் எழுதிய இரண்டு வரிக்கும் அர்த்தம் அதுதான்.

கவர் வைக்காத வண்டியிலும் தூசியும் சேறும் சேர்ந்து இந்த வழியை அடைப்பதுண்டு. சந்தேகம் இருந்தால் ஒரே சோதனை போதும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து மூட வேண்டும். காற்று இழுக்கும் சத்தம் வந்து, சற்று நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் கோளாறு மூடியில்தான்.

எப்படி நிற்கிறது? அதை வைத்து என்ன புரியும்?

திணறி நிற்பது: பெரும்பாலும் பெட்ரோல் வரத்தில் தடை. மூடிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோல் டேப்பில் உள்ள சல்லடை, ரப்பர் டியூப், கார்புரேட்டர் கிண்ணத்தில் சேர்ந்த அழுக்கு. டியூபைக் கழற்றிப் பாட்டிலில் விட்டுப் பார்த்தால் பெட்ரோல் சீராக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் தடை மேலே இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நிற்பது: பெரும்பாலும் கரன்ட் கோளாறு. பிளக் கேப் லூஸ், நைந்த வயர், சுவிட்சில் தண்ணீர். எஞ்சின் சூடானால் மட்டும் நின்று, முழுக்க ஆறிய பிறகே ஸ்டார்ட் ஆனால் காயில் அல்லது சி.டி.ஐ. மீது சந்தேகப்படலாம். நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே பொறி வருகிறதா என்று மெக்கானிக் பார்த்தால்தான் இது பிடிபடும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் அணைவது: ஓடும்போது நன்றாக ஓடி, பஸ் ஸ்டாப்பிலும் ரயில்வே கேட்டிலும் அணைந்தால், கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. அந்த ஓட்டையின் அளவு மாறினால் பெட்ரோல் கணக்கே மாறிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதுதான் முறை.

நிற்காமல், இழுக்காமல் போவது: ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, பாலத்தில் ஏறும்போது மட்டும் சக்தி இல்லையா? டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரைப் பார்க்க வேண்டும். பெட்ரோலோடு எரியும் ஆயில் வருடக்கணக்கில் கரியாகப் படிந்து புகை வெளியேறும் வழியைக் குறுக்கிவிடும். கரி எடுத்தாலே பல வண்டிகளுக்குப் பழைய இழுவை திரும்பிவிடும். ஏர் ஃபில்டரில் தூசி அடைந்திருந்தாலும் இதே கதைதான். அதற்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஆற்றங்கரை மணல் நேராக எஞ்சினுக்குள் போய்ச் சிலிண்டரைத் தேய்க்கும்.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றித் துடைப்பதற்கு முன்னால் அதன் நுனியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் அல்லது பெட்ரோல் அதிகம், இல்லையென்றால் பொறி பலவீனம்.

சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கவனம் தேவை. பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது பேக்கிங், சீல் வழியாக வேண்டாத காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆக்ஸிலேட்டரைத் திருகாமலே வண்டி தானாக இரையும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். உண்மையிலேயே போர் வேலை வந்து நிற்பது இதனால்தான்.

ஆயில் கலப்பதிலும் கை அளவு, கண் அளவு கூடாது. 50க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். கூடினால் புகையும் கரியும். குறைந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. ஆயில் விலையை மிச்சம் பிடித்து எஞ்சினுக்குச் செலவழித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

தண்ணீர் புகுந்தால்...

இலை வியாபாரி கவர் வைத்த முறைதான் தப்பு. டேங்குக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது என்ற பயம் நியாயமானது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும் குணமுள்ளது. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். வண்டி திணறும்.

சோதனை சுலபம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நிழலில் அசைக்காமல் வைக்க வேண்டும். அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் தண்ணீர் இருக்கிறது. டேங்கைக் காலி செய்து கழுவிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழைய ரப்பர் டியூப் ஊறியோ வெடித்தோ இருந்தால் அதையும் மாற்றிவிடலாம். மழைக்கு மூடியின் மேலே துணியோ கவரோ தளர்வாகப் போர்த்தலாம், கிளம்பும்போது எடுத்துவிட வேண்டும். மூடிக்கு அடியில் வைக்கவே கூடாது. மூடியின் வாஷர் நைந்திருந்தால் புது வாஷர் போட்டாலே தண்ணீர் இறங்காது.

வண்டி முழுக்க மூழ்கினால் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. நெல்லை ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. அப்படி மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று உதைத்துப் பார்ப்பதுதான் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அதை அழுத்த முடியாமல் உள்ளே இருக்கும் பாகம் வளையலாம். சேறு புகுந்திருந்தால் பேரிங்கும் சிலிண்டரும் கீறும். முதலில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டர், டேங்க், ஏர் ஃபில்டர் சுத்தமாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் சென்சாரும் உண்டு. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், வீட்டில் எதையும் கழற்றாமல் அதற்கான கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது. அங்கேயும் 'எப்போது நிற்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

செல்போனில் குறித்துக்கொள்ள...

பட்டறைக்குப் போகும் முன் ஆறு விஷயங்கள்:

1. ஸ்டார்ட் செய்து எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது?
2. டக்கென்று நிற்கிறதா, திணறி நிற்கிறதா?
3. அப்போது டேங்கில் எவ்வளவு பெட்ரோல்?
4. எத்தனை நிமிடத்தில் மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது?
5. மூடியைத் திறந்து மூடினால் மாற்றம் தெரிகிறதா?
6. கோளாறு தொடங்கும் முன் வண்டியில் என்ன மாற்றினீர்கள்? என்ன பெட்ரோல், ஆயில் ஊற்றினீர்கள்? மழையில் நின்றதா?

சத்தத்தில் வித்தியாசம் இருந்தால் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் போய் நின்றதும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும்போது அது கைகொடுக்கும்.

மேலப்பாளையம் பெரியவர் அன்று மூடியைச் சோப்புத்தண்ணீரில் கழுவி, காற்று வழியை ஊதிப் பார்த்து, புது வாஷர் போட்டுக் கொடுத்தார். வாஷர் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். வியாபாரி தயங்கித் தயங்கி ஐம்பது ரூபாயை நீட்டினார்.

"அதை எழுதிக் குடுத்த பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடும்வே" என்றார் பெரியவர்.

மறுநாள் விடிகாலை, பத்தமடை தாண்டியது. முன்னீர்பள்ளம் தாண்டியது. அஞ்சு மணிக்கு முன்பே டவுன் சந்தையில் இலைக்கட்டு இறங்கியது. வீட்டில் கம்மல் அதன் இடத்திலேயே இருந்தது.